சுவருக்கு இந்தப் பக்கம் மூன்று அடி

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கோவை வடவள்ளியில் ஐந்தரை சென்ட் மனையில் வீடு. அதில் பாதி இடத்தைப் பன்னிரண்டு ஆண்டுகளாக மரம் செடிகளுக்கே விட்டிருக்கிறேன். முருங்கை, கறிவேப்பிலை, நாரத்தை, எருக்கு, சிறிய தண்ணீர்த் தொட்டி ஒன்று. மருந்து அடிப்பதில்லை, உதிரும் இலையை அள்ளுவதில்லை. தேன்சிட்டும் தையல்சிட்டும் கூடு கட்டுகின்றன. காலையில் மயிலுக்குக் கம்பும் அரிசியும் போடுவேன்.

சென்ற ஆண்டு பக்கத்து வீட்டை வாங்கி வந்தவர், மண் தரையை மூடிச் சிமெண்டுத் தளம் போட்டு, அதன்மேல் செயற்கைப் புல் விரித்துவிட்டார். அவருடைய வயதான தாயார் வாக்கர் வைத்து நடப்பவர், சேறு ஆகாது என்றார். அன்றிலிருந்து தினமும் குறைதான். கம்பளிப்பூச்சி சுவரேறி வருகிறதாம், இலை விழுகிறதாம், மயில் எச்சமிடுகிறதாம், கொசு என் தொட்டியிலிருந்து வருகிறதாம். போன மாதம் ஒரு சாரைப்பாம்பு அவர் வாசலுக்கே போய்விட்டது. "டீச்சர், இது தோட்டமா, காடா? மாநகராட்சியில் புகார் கொடுக்கப்போகிறேன்" என்கிறார். மழை பெய்தால் அவர் வீட்டுத் தண்ணீர் சுவரடியில் கசிந்து என் பக்கம் தேங்குகிறது. அதை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. இங்கிலாந்தில் செயற்கைப் புல்லுக்குத் தடை விதித்திருப்பதாகப் படித்தேன். இங்கே அப்படிச் சட்டம் உண்டா? இயற்கைக்கு நான் செய்யும் நன்மையை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வடவள்ளி

பதில்: அன்புள்ள டீச்சர் (பக்கத்து வீட்டுக்காரரே அப்படித்தான் அழைக்கிறார், நானும் அழைத்துவிடுகிறேன்),

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் படித்தது நாட்டுச் சட்டம் அல்ல. இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2022-இல், செல்சி மலர்க் கண்காட்சி உள்ளிட்ட தன் கண்காட்சிகளில் செயற்கைப் புல் வைக்கக் கூடாது என்றது, அவ்வளவுதான். தன் வாசலில் பிளாஸ்டிக் விரிப்பவரை அங்கேயும் தடுப்பதற்கில்லை, இங்கேயும் இல்லை. உங்கள் கிளை அவர் எல்லைக்குள் நீண்டால், எல்லை வரை அவர் வெட்டிக்கொள்ளலாம். அதற்காக உங்கள் மனைக்குள் கால் வைக்கக் கூடாது. விழும் நிலையில் நிற்கும் மரம் பொதுமக்களுக்கு ஆபத்து என்றால் நிர்வாக நடுவரிடம் போகலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 152-ஆம் பிரிவு. மயிலையோ சாரையையோ கொன்றால் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இவ்வளவையும் எழுதியதே, இவற்றின் பக்கம் போகாதீர்கள் என்று சொல்லத்தான். சுவர் வழக்குக்குப் போன இரண்டு வீடுகளுக்கு நான் தோட்டம் போட்டிருக்கிறேன். மரங்கள் வளர்ந்துவிட்டன, வழக்கு இன்னும் வாய்தாவில் நிற்கிறது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. புரியவைக்கும் வேலையைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அவர் சொல்லும் ஐந்து குறைகளில் மூன்று நியாயமானவை, ஒன்று பாதி நியாயம். உயிர்களுக்கு இடம் கொடுக்கும் தோட்டம் என்றால் அதை அப்படியே விட்டுவிடுவது என்று பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் புல்தரைத் தோட்டத்தைவிட அதற்குத்தான் வேலை அதிகம். அந்த வேலையில் பாதி, சுவரை ஒட்டிய மூன்று அடியில் இருக்கிறது. உங்கள் தோட்டத்தில் அந்த மூன்று அடிக்கு ஆள் இல்லை.

கம்பளிப்பூச்சியிலிருந்து தொடங்குகிறேன். முருங்கைக்கு வருவது ஓர் அந்துப்பூச்சியின் புழு. முதல் மழைக்குப் பிறகு பெருகும். பகலெல்லாம் அடிமரத்தில், பழைய கம்பளித் துண்டு ஒன்றை யாரோ ஆணி அடித்து மாட்டியதுபோலக் கூட்டமாக ஒட்டிக்கிடக்கும். இருட்டியதும் மேலேறி இலை தின்னும். வளர்ந்து முடித்ததும் கூட்டுப்புழுவாக மாற மண்ணைத் தேடி இறங்கும். உங்கள் பக்கம் இறங்கினால் புதைந்துகொள்ளும். சுவரைத் தாண்டினால் அதற்குக் கிடைப்பது சிமெண்டுத் தளம். மண் தேடி அலைந்து அலைந்து வாசற்படிக்கும், துணி காயும் கொடிக்கும், வாக்கரின் கைப்பிடிக்கும் போய்ச் சேரும். அந்த மயிர் பட்டால் எண்பது வயதுத் தோலில் இரண்டு நாள் தடிப்பு இருக்கும். இதை வைத்துப் பாருங்கள். அவர் கோபத்தில் தப்பில்லை.

புழு பகலில் ஒரே இடத்தில் கூடிக்கிடப்பது நமக்கு வசதி. முழுக்கைச் சட்டை, கையுறை, முகத்துக்கு ஒரு துணி. காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசுமாறு நின்றுகொள்ளுங்கள். வாளியில் பாதி தண்ணீர், அதில் துணி சோப்பைத் தாராளமாகக் கரைத்துக்கொண்டு, தேய்ந்த தென்னந்துடைப்பத்தால் கூட்டத்தை அப்படியே வாளிக்குள் வழித்துத் தள்ளுங்கள். பத்து நிமிட வேலை. நம் ஊரில் தீப்பந்தம் காட்டுவார்கள். மரப்பட்டை வெந்துபோகும், மயிரும் காற்றில் பறக்கும், வேண்டாம். மழைக்காலத்தில் மூன்று நாளுக்கு ஒரு முறை அடிமரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டால் போதும். தோலில் பட்டுவிட்டால் தேய்க்காமல், ஒட்டும் பிளாஸ்டரை அழுத்தி எடுத்தால் மயிர் அதோடு வந்துவிடும். பன்னிரண்டு ஆண்டுகளாக எதையும் கொல்லாமல் இருந்தவருக்கு அந்த வாளி கசப்பாகத்தான் இருக்கும். ஆனால் சுவரோரம் முருங்கை வைத்தவருக்கு வேறு வழியில்லை. இல்லையென்றால் காய்ப்பு முடிந்ததும் மரத்தை மூன்றடி உயரத்துக்குக் கவாத்து செய்துவிட்டு, வெட்டிய கிளையிலிருந்து நல்ல போத்து ஒன்றை எடுத்து மனையின் மறுபக்கம் நடுங்கள். அது பிடித்துக் காய்க்கத் தொடங்கியதும் சுவரோரத்து மரத்தை எடுத்துவிடலாம். முருங்கைக் கிளை எப்போது முறியும் என்று முருங்கைக்கே தெரியாது.

இதற்கு நடுவே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். உங்கள் கறிவேப்பிலையிலும் நாரத்தையிலும் இருக்கும் புழுக்கள் வேறு சாதி. சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம்போல இருக்கும், வளர்ந்தால் இலைப்பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு கொம்பை நீட்டி நாற்றம் விடும்; அதற்கு மேல் அதனால் எதுவும் செய்ய முடியாது. அதுதான் கறிவேப்பிலை அழகி. எருக்கில் கருப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வரிவரியாக இருப்பது வெந்தய வரியன். இவை அரிக்காது, சுவரும் பெரிதாகத் தாண்டாது. அவர் "புழு" என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் சேர்ப்பது இயல்பு. நீங்களும் எல்லாவற்றையும் "பட்டாம்பூச்சி" என்று ஒரே சொல்லில் காப்பாற்றக் கூடாது.

அடுத்தது பாம்பு. இதில் உங்களிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசப்போகிறேன். நீங்கள் வாசிக்கும் இங்கிலாந்துத் தோட்டப் புத்தகங்கள், மூலையில் இலையைக் குவித்து வையுங்கள், மரக்கட்டைகளை அடுக்கி வையுங்கள், முள்ளெலி வரும், தவளை வரும் என்று சொல்லும். அந்த நாட்டில் நஞ்சுள்ள பாம்பு ஒரே ஒரு வகை. நமக்கு நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் என்று நான்கு பேர் இருக்கிறார்கள். இருபது ஆண்டுகளில், அதாவது 2000-க்கும் 2019-க்கும் இடையே, இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. கண்ணாடி விரியன் சருகுக்குள் சருகாகவே கிடக்கும். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். உதிர்ந்த இலையை அள்ளாதது மண்ணுக்கு நல்லதுதான், நானே எல்லோருக்கும் சொல்வதுதான். ஆனால் மரத்தடியில், மனையின் நடுவில். சுவரோரம், நடைபாதையோரம், வாசற்படி அருகே சருகு கூடாது. கழிவுச் செங்கல், ஓடு, விறகு என்று ஏதாவது அடுக்கியிருந்தால் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். கையை விடுவதற்கு முன் கம்பால் தட்டிப் பாருங்கள்.

அந்தச் சாரைப்பாம்பு ஏன் வந்தது? எலிக்காக. எலி ஏன் வந்தது? மயில் சாப்பிட்டு மிச்சம் வைத்த கம்புக்கும் அரிசிக்கும். இதைப் படித்து வருத்தப்படாதீர்கள், இந்தச் சங்கிலி பல வீடுகளில் நான் பார்த்தது. மருதமலை அடிவாரத்து மயிலுக்கு நம் அரிசி தேவையே இல்லை. விதை, கரையான், நத்தை, குட்டிப் பாம்பு என்று அதற்குச் சாப்பாடு நிறைய இருக்கிறது. நாம் தீனி போட்டுப் பழக்கினால் அது வீட்டுக் கோழிபோலக் காலை ஏழு மணிக்கு வந்து நிற்கும். நீங்கள் எழத் தாமதமானால் பக்கத்து வீட்டுப் புல்லில் நின்று காத்திருக்கும். எச்சமும் அங்கேதான் விழும். தீனியை நிறுத்துங்கள். இரண்டு வாரம் வந்து அகவும், பிறகு தன் வழியைப் பார்த்துக்கொள்ளும். அதற்கப்புறமும் எப்போதாவது வந்தால் அது உங்கள் பொறுப்பு அல்ல, தேசியப் பறவையின் விருப்பம்.

இனிப் பாம்பு தென்பட்டால் இரு வீட்டாரும் செய்ய வேண்டியதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: தள்ளி நின்று கண்ணை எடுக்காமல் பார்க்க ஒருவர், தீயணைப்புத் துறைக்கு 101-இல் பேச ஒருவர். அடிக்கக் கம்பு எடுக்கிற கைதான் பெரும்பாலும் கடி வாங்கும். கடித்துவிட்டால் கீறுவதோ இறுக்கிக் கட்டுவதோ வேண்டாம், அசையாமல் நேரே அரசு மருத்துவமனை.

கொசு விஷயத்தில்தான் அவருக்குப் பாதி நியாயம். டெங்கு கொசு நல்ல தண்ணீரில், சிறிய பாத்திரங்களில் பெருகும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழெட்டு நாள் போதும். தொட்டியில் தும்பியின் இளம்புழு இருந்தால் கொசுப்புழுவை அது தின்றுவிடும். தொட்டியில் கொசுப்புழு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்: ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் தொட்டித் தண்ணீரை மொண்டு வெயிலில் வையுங்கள், நெளிந்து நெளிந்து மேலே வருபவை கொசுப்புழு. இருந்தால் நாட்டு மீன் நாலைந்து விடுங்கள். கப்பி மீனும் வேலை செய்யும். ஆனால் அதைப் பக்கத்துக் குளத்தில் கொண்டுபோய்க் கொட்டிவிடக் கூடாது. அவர் வீட்டில் அழகுச் செடித் தொட்டிகளின் அடித்தட்டு, ஏசி தண்ணீர் சொட்டும் வாளி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு எல்லாம் இருக்கும். இதை நீங்கள் சொல்லாதீர்கள். உங்கள் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்துப் பாருங்கள். தன் வீட்டிலும் பார்க்க அவருக்கே தோன்றும்.

இலைக்கு ஒரு வரி போதும்: சுவரைத் தாண்டிய கிளைகளை அவர் வெட்டுவதற்கு முன் நீங்கள் வெட்டுங்கள்.

இனிப் பிளாஸ்டிக் புல். அவர் பக்கம் பேசுகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு அதைப் பிடிக்காது. பிடிக்காது என்று சொல்வதற்கு எனக்கு உரிமையும் உண்டு, ஏனென்றால் நானே போட்டிருக்கிறேன். வாடிக்கையாளர் கேட்டார், கூலி கிடைத்தது, விரித்துவிட்டு வந்தேன். ஆறு வருடம் கழித்து அதே வீட்டில் அதை எடுக்கவும் நான்தான் போனேன். ஓரத்தைப் பிடித்துச் சுருட்டினால் புல் இழை விரலோடு பொடியாக உதிர்ந்தது, கை முழுக்கப் பச்சைத் தூள். அடியில் களைத் தடுப்புத் துணி, அதற்கும் அடியில் மண் சாம்பல் நிறத்தில் இறுகிக் கிடந்தது; கடப்பாரை போட்டால் ஓடு உடைவதுபோலச் சத்தம். மண்புழு ஒன்றுகூட இல்லை. எறும்புச் சாரியும், சுவரோரமாக எலி போட்ட வளையும் மட்டும் இருந்தன. பராமரிப்பே வேண்டாம் என்று விற்ற பொருள்.

வெயில் அதன் இன்னொரு குறை. உயிருள்ள புல் நீராவி விட்டுத் தன்னைக் குளிர்த்திக்கொள்ளும், பிளாஸ்டிக்கால் முடியாது. அமெரிக்காவில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் 2002-இல் அளந்தபோது மேற்பரப்பு வெப்பம் 90 டிகிரி செல்சியஸைத் தொட்டது. இந்தப் பொருள் பெயர் வாங்கியதே 1966-இல் ஹூஸ்டன் நகரத்தில், கூரை மூடிய விளையாட்டரங்கில் வெளிச்சம் போதாமல் நிஜப் புல் செத்த பிறகுதான். நிழலில் புகழ் பெற்றதைச் சித்திரை வெயிலில் விரித்துவிட்டு, மதியம் அதில் கால் வைக்க முடியவில்லை என்கிறோம். மாடி பால்கனியில் ஒரு துண்டு போடுங்கள், குறை சொல்லமாட்டேன். மண் இருக்கும் இடத்தில் வேண்டாம் என்பது என் கட்சி. கொரியன் புல்லும் ஒன்றும் புனிதமில்லை. கோவை வெயிலில் அது குடிக்கும் தண்ணீரில் ஒரு தோப்பே வளர்த்துவிடலாம்.

ஆனால் உங்கள் கடிதத்தின் நடுவில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அவருடைய தாயார் வாக்கர் வைத்து நடக்கிறார். அவர் மண்ணை மூடியது இயற்கை மேல் வெறுப்பால் அல்ல. வழுக்காத தரை அவருக்குத் தேவைப்பட்டது, கடைக்காரர் காட்டியது இது. ஒரு தோட்டக்காரரைக் கேட்டிருந்தால், வாசலிலிருந்து கேட் வரை நாலடி அகலத்துக்குச் சொரசொரப்பான கல் பாவி, இரு பக்கமும் கைப்பிடி வைத்து, மிச்சத்தை மண்ணாகவே விட்டிருப்பார். மழையில் பாசி படிந்தால் அந்தப் பிளாஸ்டிக்கும் வழுக்கும்; அதை அவர் இந்த ஐப்பசியில் தெரிந்துகொள்வார். அன்றைக்கு "நான் அப்போதே நினைத்தேன்" என்று சொல்லாமல் இருப்பது உங்கள் கையில்.

எனவே செய்ய வேண்டியது இது. சுவருக்கு உங்கள் பக்கம் மூன்றடி அகலத்தை வெறுமையாக்குங்கள். சருகு வாரி, மண்ணைத் தட்டி, கூழாங்கல் பரப்பினாலும் சரி, பெருக்கிய மண்ணாக விட்டாலும் சரி. அந்தப் பட்டையின் உள் ஓரத்தில் இட்லிப்பூவை வரிசையாக வைத்து இடுப்பளவில் வெட்டி நிறுத்துங்கள். அதன் தேனுக்குப் பட்டாம்பூச்சியும் வரும். சுவருக்கு மேல் எட்டிப்பார்ப்பவர் கண்ணுக்கு ஒழுங்கான வேலியும் தெரியும். அதற்குப் பின்னால் உங்கள் காடு எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். வாளி, துடைப்பம், கவாத்து எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து அந்த வீட்டுக்குப் போங்கள், மகனைப் பார்க்க அல்ல, அம்மாவைப் பார்க்க. நாரத்தங்காய் ஊறுகாய் கொண்டு போகலாம். முருங்கைக்காய் வேண்டாம், அந்த மரத்தின் பேச்சே இப்போது அங்கே ஆகாது.

பேச்சுவாக்கில் மழைத் தண்ணீரைப் பற்றிச் சொல்லுங்கள். குறையாகச் சொல்லாமல் உதவியாகக் கேளுங்கள்: "உங்கள் தளத்துத் தண்ணீரை என் நாரத்தைக்கு எடுத்துக்கொள்ளட்டுமா?" தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது 2003-இல், அந்த வீட்டிலும் ஒரு குழி இருந்திருக்கும், தளம் போட்டபோது மூடியிருப்பார்கள். அதைத் திறக்க முடிந்தால் முதலில் அதுதான். முடியாது என்றால் உங்கள் பக்கம், சுவர் அஸ்திவாரத்திலிருந்து ஆறடியாவது தள்ளி, மூன்றடி அகலம், ஐந்தடி ஆழத்தில் ஒரு குழி எடுத்து, உடைந்த செங்கல்லும் ஜல்லியும் போட்டு மேலே மணல் பரப்புங்கள். சுவரடியில் துளையிட்டு நாலங்குல பிவிசி குழாய் ஒன்றை அந்தக் குழிக்குக் கொண்டுவந்துவிடலாம். துளை போடுவதற்கு முன் சுவர் யாருடையது என்று பத்திரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், இன்னொரு சண்டைக்கு இடம் வேண்டாம். புல் இழைத் தூள் தண்ணீரோடு வரும்; குழிக்கு முன்னால் ஒரு சிறு மணல் தொட்டி கட்டினால் அதில் தங்கிவிடும், கோடையில் அள்ளி எடுத்துக் குப்பைக்குப் போட்டுவிடலாம். செலவில் பாதியை அவரே தருவார் என்று நினைக்கிறேன்; தளத்தில் தண்ணீர் தேங்கினால் அவருக்கும்தான் தொல்லை.

குழாயின் இரண்டு முனையிலும் கம்பி வலை கட்ட மறக்காதீர்கள். மறந்தால் சாரைக்கு நீங்களே சுரங்கப்பாதை போட்டுக்கொடுத்ததாகப் பேச்சு வரும்.